தெரு நாயைப் படம் பிடிக்கலாம், வாருங்கள்!

நாயைப் போட்டோ எடுப்பதா? அதிலும் தெரு நாயையா? இப்படிக் கேட்டுச் சிலர் சிரிப்பார்கள்.

சிரிக்க வேண்டாம். உலகம் முழுவதும் பத்திரிகைகளில் முதல் பக்கத்தில் இடம் பிடித்த ஒரு நாய், தெரு நாய்தான்!

அதன் பெயர் லைக்கா. ரஷ்யாவில் மாஸ்கோ நகரத்துத் தெருக்களில் சுற்றித் திரிந்த நாய் அது. பனியையும் பசியையும் தாங்கிப் பழகிய நாய் என்பதால் விஞ்ஞானிகள் அதைப் பிடித்து வந்தார்கள். 1957-ம் ஆண்டு நவம்பர் 3-ந் தேதி "ஸ்புட்னிக்-2" என்ற விண்கலத்தில் வைத்து வானத்துக்கு அனுப்பினார்கள். பூமியைச் சுற்றி வந்த முதல் உயிர்ப்பிராணி அதுதான். லைக்கா திரும்பி வரவில்லை. திரும்பக் கொண்டு வர ஏற்பாடும் இல்லை. புறப்பட்ட சில மணி நேரத்தில் உஷ்ணம் தாங்காமல் அது இறந்துவிட்டது என்ற உண்மை 2002-ம் ஆண்டில்தான் வெளியே வந்தது.

லைக்கா போய்விட்டது. ஆனால் அதன் படம் இருக்கிறது. கூர்மையான முகம், பாதி மடிந்த காது, நம்மையே பார்க்கும் கண்கள். அந்தப் படம் இல்லாவிட்டால், "ஏதோ ஒரு நாயை அனுப்பினார்கள்" என்று சொல்லி உலகம் மறந்திருக்கும்.

ரெயில் நிலையத்தில் காத்திருந்த நாய்

இன்னொரு கதை, ஜப்பான் நாட்டுக் கதை. ஹச்சிகோ என்று ஒரு நாய். அதன் எஜமானர் டோக்கியோவில் ஒரு பேராசிரியர். மாலையில் அவர் திரும்பி வரும் நேரத்தில் ஷிபுயா ரெயில் நிலையத்துக்கு அது போய் நிற்கும். 1925-ம் ஆண்டு மே மாதம் ஒரு நாள், வேலைக்குப் போன இடத்தில் எஜமானர் இறந்துவிட்டார். நாய்க்கு அது எப்படித் தெரியும்? அதன் பிறகும் அது ரெயில் நிலையத்துக்கு வந்துகொண்டே இருந்தது. 1935-ம் ஆண்டு மார்ச் மாதம் சாகும் வரை, ஏறக்குறைய 10 ஆண்டுகள்!

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. முதலில் அந்த நாயை யாரும் கொண்டாடவில்லை. ரெயில் நிலையத்தில் விரட்டினார்கள். சிறுவர்கள் சீண்டினார்கள். 1932-ம் ஆண்டில் அதைப் பற்றிப் பத்திரிகையில் செய்தி வந்தது. அதன் பிறகுதான் எல்லாம் மாறியது! விரட்டியவர்களே சோறு வைத்தார்கள். 1934-ம் ஆண்டு, ஹச்சிகோ உயிரோடு இருக்கும்போதே அதற்குச் சிலை வைத்தார்கள்.

நாய் அதே நாய்தான். ரெயில் நிலையமும் அதேதான். மாறியது மனிதர்களின் பார்வை. அதுவரை அது "ஒரு நாய்". செய்தி வந்த பிறகு அது "இந்த நாய்".

ஒரு நல்ல படமும் இதைத்தான் செய்கிறது.

கல்லில் ஒரு படம்

நம் தமிழ்நாட்டில் காமிரா வருவதற்கு ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நாய்க்குப் படம் உண்டு. காகிதத்தில் அல்ல, கல்லில்!

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே பல்லவ அரசன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாடு பிடிக்க வந்தவர்களோடு போராடி இறந்த வீரனுக்காக நட்ட கல். அந்தக் கல்லில் வீரன் மட்டும் இல்லை. அவன் பக்கத்தில் அவனுடைய நாயும் இருக்கிறது. அதன் பெயர் கோவிவன். அது கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்லில் எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

ஊரில் எத்தனையோ நாய்கள் இருந்திருக்கும். கோவிவனுக்குப் பெயரும் படமும் இருப்பதால், இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறோம்.

காலியாகத் தெரிந்த தெரு

காமிரா வந்த புதிதில் தெரு நாயைப் படம் எடுக்கவே முடியாது. ஏன் தெரியுமா?

1838-ம் ஆண்டில் பிரான்சு நாட்டைச் சேர்ந்த டாகுவேர் என்பவர் பாரிஸ் நகரத்துத் தெரு ஒன்றை மாடியிலிருந்து படம் எடுத்தார். வண்டியும் மனிதர்களுமாக நெரிசல் மிகுந்த தெரு அது. ஆனால் படத்தில் தெரு காலியாகக் கிடந்தது! அந்தக் காலத்தில் ஒரு படம் பதிவதற்குப் பல நிமிஷங்கள் ஆகும். நடந்து போனவர்கள் யாரும் படத்தில் விழவில்லை. ஓரிடத்தில் நின்று பூட்சுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்த ஒருவரும், போட்டுவிட்டவரும் மட்டுமே தெரிந்தார்கள்.

மனிதனுக்கே இந்தக் கதி என்றால், ஒரு நிமிஷம் சும்மா நிற்காத நாய்க்குக் கேட்கவா வேண்டும்?

இன்று கதை வேறு. ஒரு நொடியை ஆயிரமாகப் பங்கு போட்டு, அதில் ஒரு பங்கு நேரத்தில் படம் எடுக்கும் செல்போன் வீட்டுக்கு வீடு இருக்கிறது. குறை காமிராவில் இல்லை. எடுக்கும் முறையில்தான் இருக்கிறது.

மண்டியிட்டு எடுங்கள்

எலியட் எர்விட் என்று ஓர் அமெரிக்கப் போட்டோக்காரர். 1928-ல் பிறந்து 2023-ல் மறைந்தார். பெரிய தலைவர்களையும் சினிமா நட்சத்திரங்களையும் படம் எடுத்தவர். ஆனாலும் நாய்ப் படங்கள்தான் அவருக்குத் தனிப் பெயர் தந்தன. 1974-ம் ஆண்டு நியூயார்க் நகரத்தில் அவர் எடுத்த படம் ஒன்று மிகப் பிரசித்தம். படத்தில் ஒரு குட்டி நாய் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறது. பக்கத்தில் பூட்சு அணிந்த ஒரு பெண்ணின் கால்கள். அதற்கும் பக்கத்தில் இன்னும் இரண்டு நீளக் கால்கள். யாருடைய கால்கள்? உற்றுப் பார்த்தால்தான் தெரியும், அவை ஒரு பெரிய நாயின் கால்கள்!

இந்தப் படத்தை நின்றுகொண்டு எடுக்க முடியாது. அவர் தரையோடு தரையாகக் காமிராவை வைத்தார். குட்டி நாயின் கண்ணுக்கு உலகம் எப்படித் தெரியுமோ, அப்படிக் காட்டினார்.

நாய் துள்ளிக் குதிக்க வேண்டுமானால் அவரே நாயைப் பார்த்துக் குரைப்பாராம்! நம் தெருவில் அதை மட்டும் முயற்சி செய்ய வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியது சுலபம். நின்றபடி கீழே பார்த்து எடுத்தால் முதுகும் தரையும்தான் விழும். நாய் சின்னதாக, பரிதாபமாகத் தெரியும். குத்துக்காலிட்டு உட்காருங்கள், அல்லது மண்டி போடுங்கள். செல்போனை நாயின் கண் மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். இது ஒன்றைச் செய்தாலே பாதிப் படம் தேறிவிடும்.

எங்கே, எப்போது?

தென்காசி மாவட்டம் குருவிகுளம் போன்ற கிராமத்தில் ஒவ்வொரு நாய்க்கும் ஒரு வீடு உண்டு. வீடு இல்லாவிட்டாலும் ஒரு தெரு உண்டு. "அது மேலத்தெரு நாய்" என்று சிறுவன் கூடச் சொல்லிவிடுவான். அங்கிருந்து பஸ் ஏறி சங்கரன்கோவிலுக்கு வந்தால், நாய்க்கு முகவரி போய்விடுகிறது. டீக்கடை நாய், பூ மார்க்கெட் நாய், பிரியாணிக் கடை வாசல் நாய் என்று இடத்தை வைத்துத்தான் பெயர். நகரத்து நாய்க்குப் படம் தேவைப்படுவது இதனால்தான்.

அதிகாலையும் மாலையும் நல்ல நேரம். வெயில் சாய்வாக விழும். நாய்களும் அப்போதுதான் சுறுசுறுப்பாக இருக்கும். உச்சி வெயிலில் நாய் வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்ளும். அதை எழுப்பிப் படம் எடுப்பது பாவம். ஆபத்தும் கூட.

நாயை மட்டும் எடுக்காதீர்கள். அது வாழும் இடத்தையும் சேர்த்து எடுங்கள். டீ ஆற்றும் கையும் கீழே அண்ணாந்து பார்க்கும் நாயும். பூக்கூடைகளுக்கு நடுவே தூங்கும் நாய். விசைத்தறிச் சத்தத்தைச் சட்டை செய்யாமல் வாசலில் படுத்திருக்கும் நாய். பார்த்ததும் "இது நம்ம ஊரு" என்று சொல்லத் தோன்றும்.

கடைக்காரரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

"அண்ணாச்சி, இந்த நாயை ஒரு படம் எடுத்துக்கிடட்டுமா?"

"எடுத்துக்கோ தம்பி. ஆனா முன்னால போய் நிக்காத. பக்கவாட்டுல உக்காரு, அதுவே வரும்."

இந்த யோசனைக்குக் காசு கிடையாது. அந்த நாயோடு தினமும் பழகுகிறவரின் சொல் அது. கேட்டு நடங்கள்.

கறுப்பு நாய், வெள்ளை நாய்

கறுப்பு நாயை எடுத்தால் வெறும் கறுப்புத் திட்டாக விழுகிறது என்று பலர் சொல்வார்கள். பின்னால் வெயில் பளிச்சென்று அடித்தால் அப்படித்தான் ஆகும். கறுப்பு நாயை நிழலில் எடுங்கள். திரையில் அதன் முகத்தின் மேல் விரலால் ஒரு தட்டுத் தட்டினால், காமிரா முகத்துக்கு ஏற்ற வெளிச்சத்தை வைத்துக்கொள்ளும்.

வெள்ளை நாய்க்கு நேர்மாறு. வெயிலில் எடுத்தால் உடம்பு சுண்ணாம்புச் சுவர் மாதிரி வெளுத்துப் போகும். வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுக்க வேண்டும்.

எந்த நிறமானாலும் கண் தெளிவாக விழ வேண்டும். வால் கொஞ்சம் கலைந்து தெரிந்தால் பரவாயில்லை. கண் கலங்கினால் படம் கெட்டது.

ஓடும் நாயை எடுக்க, ஒரு நொடியில் 500-ல் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைந்த நேரம் வேண்டும். நல்ல வெளிச்சம் இருந்தால் செல்போன் தானே அதைப் பார்த்துக்கொள்ளும். தொடர்ந்து பல படங்கள் எடுத்து, நல்லதை வைத்துக்கொள்ளுங்கள்.

இரவில் பளிச் விளக்குப் போட்டு எடுக்க வேண்டாம். நாயின் கண்ணுக்குள்ளே கண்ணாடி போல ஒரு படலம் உண்டு. மங்கிய வெளிச்சத்திலும் பார்ப்பதற்காக இயற்கை தந்தது. விளக்கு வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பும். படத்தில் கண் பச்சையாகப் பேய்க்கண் போல எரியும். நாயும் மிரண்டுபோகும்.

இந்த அடையாளம் கண்டால் விலகுங்கள்

காமிராவின் கண்ணாடி நமக்குக் கண்ணாடிதான். நாய்க்கு அது தன்னையே முறைக்கும் ஒரு பெரிய கண்! நாய்கள் உலகத்தில் முறைத்துப் பார்ப்பது சண்டைக்கு அழைப்பது போல. ஆகவே நேராகப் போய் முகத்துக்கு முன்னால் நீட்டக் கூடாது.

நாய் பேசாது. ஆனால் உடம்பால் சொல்லும். வாலைக் கால்களுக்கு இடையே இடுக்கினால் அதற்குப் பயம். உதட்டை நக்கிக்கொண்டே முகத்தைத் திருப்பினால், "போதும், விடு" என்று அர்த்தம். உடம்பு விறைத்து, கண் ஓரத்தில் வெள்ளை தெரிந்து, உறுமினால் எச்சரிக்கை. வால் ஆட்டுவதெல்லாம் பிரியம் அல்ல. உடம்பு விறைத்திருக்க, வால் மட்டும் மேலே நின்று ஆடினால் அது கோபமாகவும் இருக்கலாம்.

குட்டி போட்ட நாய், தின்றுகொண்டிருக்கும் நாய், தூங்கும் நாய், கூட்டமாக நிற்கும் நாய்கள், இவற்றின் அருகில் போகவே கூடாது. தூரத்திலிருந்து எடுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். குழந்தைகள் தனியாகப் போகக் கூடாது. பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். நாய் துரத்தினால் ஓடாதீர்கள். கையைத் தொங்கவிட்டு, கண்ணைத் தாழ்த்தி, அசையாமல் நின்று, மெல்லப் பின்வாங்குங்கள்.

கடித்துவிட்டால்?

நாய் கடித்தாலும், பல்லோ நகமோ கீறினாலும், உடனே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவ வேண்டும். மிளகாய்ப் பொடி, மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்கக் கூடாது. நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முன்பு தொப்புளைச் சுற்றிப் பல ஊசி போட்ட காலம் போய்விட்டது. இப்போது கையில் சில ஊசிதான். ஆனால் டாக்டர் சொல்லும் தேதிகளில் ஒன்றைக் கூட விடக் கூடாது. வெறிநோய் வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டால் உயிர் பிழைப்பது ஏறக்குறைய முடியாத காரியம். தக்க சமயத்தில் ஊசி போட்டால் பயமே இல்லை.

இந்த இடத்திலும் படம் கை கொடுக்கும். "கடித்த நாய் எது?" என்று கேட்டால், "ஏதோ பழுப்பு நாய்" என்று சொல்வதால் பயன் இல்லை. தெரு நாய்களின் படம் ஒருவரிடம் இருந்தால் எந்த நாய், தடுப்பு ஊசி போட்டதா என்று விசாரிக்கலாம். ஆனால் அந்த விசாரணை முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப் போடக் கூடாது.

படத்தை வைத்துக் கணக்கு!

சென்னை மாநகரில் 2018-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தெரு நாய்கள் சுமார் 57 ஆயிரம். 2024-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 1 லட்சத்து 81 ஆயிரம்! எண்ணிக்கை தெரியாமல் கருத்தடையும் செய்ய முடியாது, தடுப்பு ஊசியும் போட முடியாது. ஓர் ஊரில் 100 நாய் இருந்தால் 70 நாய்க்காவது ஊசி போட வேண்டும், அப்போதுதான் வெறிநோய் பரவாமல் நிற்கும் என்பது நிபுணர்கள் கணக்கு.

ஓடித் திரியும் நாயை எப்படி எண்ணுவது? எண்ணியதையே திரும்ப எண்ணிவிட மாட்டோமா? இதற்குப் போட்டோவை வைத்து ஒரு வழி இருக்கிறது. நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

முதல் நாள் ஊரைச் சுற்றி வந்து பார்த்த நாயை எல்லாம் படம் எடுக்கிறீர்கள். 40 நாய் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் அதே போலச் சுற்றுகிறீர்கள். 30 நாய் கண்ணில் படுகிறது. படங்களை ஒப்பிட்டுப் பார்த்தால், இந்த 30-ல் 20 நாய் நேற்றே எடுத்தவை. அதாவது மூன்றில் இரண்டு பங்கு. அப்படியானால் நேற்று எடுத்த 40 நாயும் ஊர் நாய்களில் மூன்றில் இரண்டு பங்காக இருக்க வேண்டும். ஆக, ஊரில் மொத்தம் சுமார் 60 நாய்!

படத்தில் காதையும் கவனியுங்கள். கருத்தடை செய்த நாய்க்குக் காதில் ஒரு சிறு வெட்டு இருக்கும். வெட்டு இல்லாத நாய் எத்தனை என்று எண்ணினால், இன்னும் எவ்வளவு வேலை பாக்கி என்று ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் எடுத்துச் சொல்லலாம்.

தெரு நாய் வழக்கு 2025-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. கருத்தடையும் தடுப்பு ஊசியும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும், வெறி பிடித்ததையும் மூர்க்கமானதையும் விடக் கூடாது என்று ஆகஸ்டு 22-ந் தேதி கோர்ட்டு சொன்னது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரெயில் நிலையம் போன்ற இடங்களில் பிடித்த நாய்களை அங்கேயே திரும்ப விடக் கூடாது என்று நவம்பர் 7-ந் தேதி உத்தரவிட்டது. எந்த நாய் சாது, எந்த நாய் மூர்க்கம், எது எந்த இடத்து நாய் என்று பிரித்துச் சொல்ல வேண்டுமே! அடையாளம் இல்லாத நாய்க்காக யார் பேச முடியும்? பயப்படுகிற தாய்மாருக்கும் அடையாளம் வேண்டும். சோறு வைக்கிறவர்களுக்கும் அடையாளம் வேண்டும்.

கரிசல் மண்ணின் செல்வம்

குருவிகுளம், கழுகுமலை, கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. ஒட்டிய வயிறும் நீண்ட காலும் கொண்ட வேட்டை நாய்கள் இந்தக் கரிசல் சீமையின் சொத்து. விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை என்ற ஊர், ஒரு நாய் ஜாதிக்கே தன் பெயரைத் தந்திருக்கிறது. கறுப்பு உடம்பில் பழுப்பு அடையாளம் உள்ளது கன்னி. கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்ததால் அந்தப் பெயர் வந்தது என்று சொல்வார்கள். பக்கத்து ராஜபாளையத்தின் வெள்ளை நாயை 2005-ம் ஆண்டில் இந்தியத் தபால் தலையிலேயே போட்டார்கள்!

2020-ம் ஆண்டில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்து முதோல் ஆகிய மூன்றும் அரசு ஆராய்ச்சி நிலையத்தின் பதிவேட்டில் நாட்டு நாய் இனங்களாக ஏறின. முன்பு இவை முயல் வேட்டைக்குப் போயின. 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை குற்றம். வேலை போன நாய்கள் தோட்டக் காவலுக்கு வந்தன. சில டவுன் தெருவுக்கும் வந்து, தெரு நாயோடு தெரு நாயாகக் கலந்துவிட்டன. சங்கரன்கோவில் தெருவில் நீளக் கால், கூர் மூக்குடன் ஒரு நாயைக் கண்டால், அதன் பாட்டன் கரிசல் காட்டில் முயல் துரத்தியவனாக இருக்கலாம்!

இந்த நாய்களைப் பக்கவாட்டில் நிற்க வைத்து ஒரு படம், முகம் ஒரு படம் எடுத்து வையுங்கள். எந்த ஊரில் எந்த நிறம், எந்த உடற்கட்டு இருந்தது என்று பின்னால் வருகிறவர்களுக்கு அதுதான் சாட்சி.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

எடுத்த படத்தைச் செல்போனிலேயே புதைத்துவிடாதீர்கள். ஊர், தெரு, தேதி, ஆணா பெண்ணா, காதில் வெட்டு உண்டா, எந்தக் கடை வாசலில் இருக்கும் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். குழந்தைகளை எழுதச் சொல்லுங்கள். எழுத்துப் பழகியது போலவும் ஆகும், கணக்குப் பழகியது போலவும் ஆகும். தெருவில் யாருக்காவது நாய்க்குட்டி வளர்க்க ஆசை இருந்தால், நல்ல படம் ஒன்றைக் காட்டுங்கள். கடையில் விலை கொடுத்து வாங்கப் போகிறவர் மனம் மாறினாலும் மாறும்.

கடைசியில் பெயர் என்று ஓர் இடம் விடுங்கள். டீக்கடை அண்ணாச்சியிடம் கேட்டால், அந்த நாயை அவர் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று சொல்வார். பெயர் இல்லாவிட்டால் குழந்தைகளே ஒன்று வைக்கட்டும். பெயர் வைத்த நாயின் மேல் கல் எறிய யாருக்கும் மனம் வராது.